பஞ்சாட்சரத்தின் முன் சக்கரங்கள்

அமிர்திப் பக்கம் இறங்கும் மலைப்பாதையில் பாதி தூரம் வந்ததும் பஞ்சாட்சரம் பிக்கப் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிறார். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், அந்த நாவல் மரத்தடியில் வண்டி நின்றே தீரும். இறங்கி வந்து, முன் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து, புறங்கையை நீட்டுகிறார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் கை வைக்கிற அதே பக்குவம். இடது சக்கரம், வலது சக்கரம், சந்தேகத்துக்கு மறுபடி இடது. இரண்டிலும் சூடு சமமாக இருந்தால் "சரி, போலாம்" என்பார். சமமாக இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். அப்படி அவர் உட்கார்ந்துவிட்டால் வண்டியில் வந்த ஆட்களும் இறங்கி உட்கார வேண்டியதுதான். சக்கரம் ஆறுகிறவரை கலெக்டரே வந்தாலும் வண்டி நகராது.

வயது ஐம்பத்திரண்டு. ஜமுனாமரத்தூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி வீடு. ஒன்றரை ஏக்கர் சாமைக்காடு, ஒன்பது புளிய மரம், ஒரு பிக்கப், ஒரு மனைவி. கடைசி இரண்டுக்கும் மூன்று மாதமாக ஆகவில்லை. அவர் வாழ்க்கையில் இப்போதைக்கு இருக்கிற ஒரே தகராறு அதுதான்.

மலையில் அவரை விட மெதுவாக வண்டி ஓட்டுகிறவர் கிடையாது. மாட்டு வண்டி ஒன்று முந்திப் போனதைப் பார்த்ததாகச் சிலர் சத்தியம் செய்கிறார்கள். "ஏறசொல்ல எந்த கியரோ, எறங்கசொல்ல அதே கியரு" என்பது அவர் கொள்கை. இரண்டாம் கியரில் ஏறிய மேட்டை இரண்டாம் கியரிலேயே இறங்குவார். போன வருஷம் சந்தை நாளில் யாரோ ஒரு போக்கிரி, வண்டியின் பின் கதவில் சாக்கட்டியால் பெரிதாக ஓர் ஆமையை வரைந்துவிட்டுப் போனான். வரைந்தவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. நாலு காலையும் ஒரே பக்கம் போட்டிருந்ததால், ஓவியத்தில் தேறாதவன் என்பது மட்டும் தெரிந்தது. பஞ்சாட்சரம் அதை ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பச்சைப் பெயின்டை ஓட்டி ஆமையை நிரந்தரம் ஆக்கிவிட்டார். காலைக்கூடச் சரி செய்யவில்லை. "இருக்கட்டும்டா. ஆம எங்கனா பள்ளத்துல வுழுந்துச்சின்னு பேப்பர்ல படிச்சிருக்கியா?" என்றார். வரைந்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

இன்னொரு வினோதம்: அந்த மலையில் பொட்டு வைக்காத வண்டி அவருடையது ஒன்றுதான். மற்ற வண்டிகளில் கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமுமாக, ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிவதே சாமி புண்ணியமாக இருக்கும். இவர் வண்டியில் எலுமிச்சம்பழம் கிடையாது, மிளகாய் கிடையாது, கறுப்புக் கயிறு கிடையாது. ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்துவார், அவ்வளவுதான். மனைவி ஈஸ்வரி குங்குமக் கிண்ணத்தோடு வந்தால், "எலுமிச்சம்பழம் பிரேக் புடிக்குமா? போ அப்பால" என்று திருப்பி அனுப்புவார். சாமி நம்பிக்கை இல்லாதவர் இல்லை. சாமிக்கு வேறு வேலை இருக்கிறது, நட்டு முறுக்குகிற வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது என்பது அவர் கட்சி.

தகராறு வந்தது புளி உலுக்குகிற பருவத்தில். மரத்திலிருந்து இறங்கும்போது கடைசிக் கிளை முறிந்து பஞ்சாட்சரத்துக்குக் கணுக்கால் எலும்பு விட்டுவிட்டது. நாற்பது நாள் மாவுக்கட்டு. அந்த நாற்பது நாளும் வண்டியை ஓட்டியவன் ஈஸ்வரியின் தம்பி பாலமுருகன். முப்பது வயது, நல்ல பிள்ளை, வாய் மட்டும் நாலு பேருக்கு ஆகும். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சமாகும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மிச்சமாகத்தான் செய்தது. ஆனால் எஞ்சினும் கியரும் இழுத்துப் பிடிக்கிற வேலையையும் சேர்த்து முன் பிரேக்கே செய்தது.

நாற்பது நாளில் முன் சக்கரத்து டிஸ்க் இரண்டும் காய்ந்து காய்ந்து நாவல்பழ நிறத்துக்கு வந்தன. டிஸ்க் என்றால் வேறொன்றுமில்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு. பெடலை மிதித்தால் இரண்டு பேடு வந்து அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வும், வண்டி நிற்கும். தட்டு சூட்டில் கோணிப் போனால் கவ்வு பிடிக்காது, பெடல் நடுங்கும். ஒருநாள் புளி மூட்டைகளோடு ஈஸ்வரி முன் சீட்டில் வந்துகொண்டிருந்தாள். பாலமுருகன் ஒரு வளைவில் மிதித்தான். வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் மோதி நிறுத்தினானே, அந்த மட்டுக்கும் பையனுக்குப் புத்தி இருந்தது. அடி ஒன்றுமில்லை. பம்பர் நெளிந்தது, ஒரு விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். ஈஸ்வரி இறங்கினாள். தலையில் கொட்டிய மண்ணைத் தட்டினாள். ஆறு கிலோமீட்டர் மலை ஏறி நடந்து வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறுவதில்லை. சந்தைக்குப் பஸ்ஸில் போவாள். அவள் விற்கப் போகிற சாமை மூட்டை மட்டும் புருஷன் வண்டியில் பின்னால் வரும்.

"தம்பி இடிச்சதுக்கு என் வண்டி இன்னாடி பண்ணுச்சு?" என்று பஞ்சாட்சரம் கேட்டுப் பார்த்தார்.

"அது நிக்கலய்யா. நிக்க சொன்னா நிக்காதது மேல நான் இன்னாத்துக்கு உக்காரணும்?"

கால் சரியானதும் அவர் பேடு மாற்றிப் பார்த்தார். நடுக்கம் போகவில்லை. இரண்டாம் கியருக்குப் பதில் முதல் கியரில் இறங்கினார். அவருக்கு அது போதும். ஆனால் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. இருபத்தோரு வருஷமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்து ஈஸ்வரி வளைவுக்கு வளைவு ஊர்க்கதை சொல்லி வந்தவள். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் மாடு யார் காட்டில் மேய்ந்தது என்பதெல்லாம் அவருக்கு அப்படித்தான் தெரியும். மூன்று மாதமாக ஊரில் என்ன நடக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் செத்தவர் ஒருவரை நலம் விசாரித்துவிட்டார்.

இப்படி இருக்கும்போது கல்யாணம் ஒன்று வந்தது. கண்ணமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் ஈஸ்வரியின் அக்கா மகள் நதியாவுக்குத் திங்கட்கிழமை முகூர்த்தம். தாய்மாமன் பாலமுருகன்தான் சீர் கொண்டுபோக வேண்டும். பலாப்பழம், சாமை அரிசி, புளி, தேன், பாத்திரம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பிக்கப்பில் இறங்க வேண்டும். சீர் வண்டியின் முன் சீட்டில் பொம்பளை இல்லாமல் போனால் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். ஈஸ்வரியோ, "சீரு வண்டில போவட்டும், நான் பஸ்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். பஞ்சாட்சரம் அன்று ராத்திரி வாணியம்பாடிக்குப் போன் போட்டார்.

வாணியம்பாடி ரஹ்மான், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். இரண்டு டிஸ்க்கையும் புது பேடு செட்டையும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுப் போனில் பாடம் நடத்தினார்.

"அண்ணே, நல்லா கேட்டுக்க. புது டிஸ்க்கு மேல துரு புடிக்காம இருக்க எண்ணெ பூசிதான் வரும். பெட்ரோல் போட்டு சுத்தமா தொடச்சிட்டு மாட்டு. கைரேக கூட படக் கூடாது. டிஸ்க்குல எண்ணெ இருந்தா பேடு அத்த குடிச்சிரும். குடிச்ச பேடு, குடிச்சவன் மாதிரிதான். நில்லுன்னா நிக்காது."

"தெரியும் பாய்."

"தெரியும்னு சொல்றவன்தான் மறுநா போன் பண்றான். மெக்கானிக்கு ஆள் அனுப்பட்டா?"

"நான் முறுக்காத நட்டு என் வண்டில இருந்தா எனக்குத் தூக்கம் வராது பாய்."

சனிக்கிழமை விடிந்ததும் வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பம். முதலில் இரண்டு டிஸ்க்கையும் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தார். கோழி கிளறுகிற புழுதி படக் கூடாதென்று வீட்டுக்குள் கொண்டுபோய், வெள்ளை வேட்டி விரித்து, சாமி படத்துக்குக் கீழே படுக்க வைத்தார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை இளக்கினார். அப்புறம் ஜாக்கி. ஜாக்கி தூக்கியதும் பக்கத்திலேயே புளியங்கட்டைகளை அடுக்கி வண்டியின் அடிச்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

"ஜாக்கிதான் தாங்குதே, கட்ட எதுக்கு மாமா?" என்றான் பாலமுருகன்.

"ஜாக்கியும் மச்சானும் ஒண்ணு. தாங்கற வரைக்கும் தாங்கும். எப்ப வுடும்னு சொல்லிட்டு வுடாது."

பாலமுருகன் அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசவில்லை. அது ஒரு சாதனை.

கழற்றுகிற நட்டுகளையும் போல்ட்டுகளையும் பஞ்சாட்சரம் தரையில் போடுவதில்லை. பழைய இட்லித் தட்டு ஒன்று வைத்திருக்கிறார். கழற்றிய வரிசைப்படி ஒரு குழிக்கு ஒன்று. மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவார். சக்கரத்தை எடுத்தார். பேடுகளைக் கவ்வ வைக்கிற காலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர் குழாய் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பழைய டிஸ்க் துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. சுத்தியலால் தட்டினார். கெஞ்சினார். கெட்ட வார்த்தையும் சொன்னார். கடைசியில் டிஸ்க்கிலேயே இருந்த இரண்டு மரை ஓட்டைகளில் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்க, 'டங்'கென்று விட்டுக் கொடுத்தது. கையில் எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நீலம், ஊதா, கறுப்பு.

"பாத்தியாடா, உன் ஒழைப்ப."

"கலரு நல்லாதான் கீது மாமா" என்றான் பாலமுருகன், மெதுவாக.

துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, வீட்டுக்குள்ளிருந்து ஒரு புது டிஸ்க்கை விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்துக் கொண்டுவந்து வலது பக்கம் மாட்டினார். பெரிய க்ளாம்ப் ஒன்றை வைத்துத் திருகி, காலிப்பருக்குள் பேடைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே தள்ளினார். புதுப் பேடு, காலிப்பர், சக்கரம், நட்டுகள். நட்டுகளை வட்டமாக முறுக்காமல் எதிரும் புதிருமாக முறுக்கினார். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. அடுத்து இடது பக்கம். இரண்டாவது டிஸ்க்கையும் அதே போல விளிம்பில் பிடித்துக் கொண்டுவந்து மாட்டினார். பளபளவென்று இருந்தது. அதன் பின் முகத்தைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தன் கையால் துடைத்த தட்டில் தானே யாராவது அழுக்குத் தேடுவார்களா?

பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக்கம் வந்ததும் வண்டியை எடுத்து, வீட்டுக்கும் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இருக்கிற சமதரை ரோட்டில் ஓட்டினார். புது டிஸ்க்கைப் பழக்க வேண்டும்: கொஞ்சம் ஓட்டு, மிதி, மறுபடி ஓட்டு, மிதி. ஈஸ்வரி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் நின்றாள். அதைப் பார்த்த பஞ்சாட்சரம் கொஞ்சம் வேகமாக வந்து, அவள் எதிரே, ஜம்மென்று ஒரு மிதி மிதித்தார்.

வண்டி நேராக நிற்கவில்லை. வலது பக்கம் திரும்பி, கோழிக் கூடையை நோக்கிப் போய், கூடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே இருந்த சேவல் தன் கடைசி காலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கத்தியது.

"அதான் சொன்னேன்" என்றாள் ஈஸ்வரி. அவள் குரல் கோபமாக இல்லை. நடுங்கியது. அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

பஞ்சாட்சரம் இறங்கினார். வலது பக்கம் இழுக்கிறது என்றால் இடது பக்கம் பிடிக்கவில்லை. இடது சக்கரத்தின் பக்கத்தில் போய்க் குனிந்தார். புறங்கையை நீட்டினார். பிறகு மூக்கை நீட்டினார். பாலமுருகனும் வந்து மோந்து பார்த்தான்.

"மாமா, உள்ள யாரோ தோச சுடறாங்க."

உண்மைதான். நல்லெண்ணெய் காய்ந்த வாசனை. சுடச்சுட, மொறுமொறுவென்று, பசி எடுக்கிற வாசனை. பிரேக்கிலிருந்து அது வரக் கூடாது.

மறுபடி கல், ஜாக்கி, கட்டை, இட்லித் தட்டு. டிஸ்க்கைக் கழற்றித் திருப்பினார். உள் முகத்தில், பேடு உரசியது போக ஓரத்தில், கருகிய மஞ்சளும் குங்குமமும் பிறைபோல ஒட்டியிருந்தன. மூன்று பொட்டு வைத்திருந்த தடம். எண்ணெயில் குழைத்து வைத்த பொட்டு. பேடு இரண்டும் எண்ணெயைக் குடித்துவிட்டு மினுமினுத்தன.

பாலமுருகன் அக்காவைப் பார்த்தான். பஞ்சாட்சரமும் வாசல் பக்கம் திரும்பினார்.

முதல் டிஸ்க்கை எடுத்துப் போய் அவர் வலது பக்கம் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. சாமி படத்துக்குக் கீழே புது இரும்பு படுத்திருக்கிறது. ஈஸ்வரி என்ன செய்வாள்? மேல் முகத்தில் வைத்தால் அவர் கண்ணில் படும், திட்டுவார். அதனால் அத்தனை கனத்தையும் தூக்கித் திருப்பி, அடி முகத்தில் பொட்டு வைத்து, கும்பிட்டு, மறுபடி அப்படியே படுக்க வைத்திருக்கிறாள்.

"நீயா?"

ஈஸ்வரி தலையாட்டினாள்.

"நீதான் ஏறப்போறது இல்லியே. அப்பறம் எதுக்கு வெச்ச?"

"நான் ஏறமாட்டேன்னுதான் சொன்னேன்" என்றாள் ஈஸ்வரி. "நீ ஏறுவியே. தெனமும் நீ ஒண்டியா எறங்கறியே அதுல."

பஞ்சாட்சரம் திட்டுவதற்கென்று வாயைத் திறந்து வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் திறந்தபடியே வைத்திருந்து, பிறகு மூடிக்கொண்டார். டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பெட்ரோல் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ரஹ்மானுக்குப் போன் போனது. விஷயத்தைச் சொன்னார்.

"நல்லெண்ணெயா? அண்ணே, கரிசனமா வெச்சது, வாணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த பேடு தூக்கிப் போட வேண்டியதுதான். தேச்சி கீச்சி மாட்டிடாத. மலப் பாத அது. ரெண்டு பக்கமும் புது செட்டு போடு, ஒரு பக்கம் மட்டும் போட்டா இழுக்கும். ஆனா சாயந்தரம் பஸ்ஸுக்குக் குடுத்தா ராத்திரிதான் வரும்."

"நான் போறேன்" என்றான் பாலமுருகன். யாரும் அவனைக் கேட்கவில்லை. பைக் சாவியை எடுத்தான். "மூணு மணிக்குள்ள வந்துருவேன் மாமா."

"எறக்கத்துல நியூட்ரல்ல போட்ட, அங்கயே இருந்துக்க."

"எந்த கியர்ல ஏறுவனோ அதே கியர்ல எறங்கறேன். போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போனான். சாப்பிடக்கூட இல்லை.

மத்தியானம் வெயில் ஏறியது. பஞ்சாட்சரம் துடைத்த டிஸ்க்கை வெள்ளை வேட்டியில் நிமிர்த்தி வைத்து ஈஸ்வரியைக் கூப்பிட்டார். தட்டின் நடுவே கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு மேடு இருக்கும். அதைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த எடத்துல பேடு தொடாது. சக்கரம் மாட்டினா மூடிக்கும், வெளிய தெரியாது. இங்க வை."

ஈஸ்வரி அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "வண்டிக்குப் பொட்டு வெக்கக் கூடாதும்ப?"

"வண்டிக்கா வெக்கற? இதுக்குத்தான வெக்கற. எண்ணெ வாணாம். தண்ணில கொழச்சி வை."

அவள் குழைத்து வந்து வைத்தாள். மூன்று பொட்டு. நாலாவதாக ஒன்று வைக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். அவர் எழுந்து போய் வலது பக்கச் சக்கரத்தையும் கழற்ற ஆரம்பித்தார். எப்படியும் அந்தப் பக்கத்துப் பேடையும் மாற்ற வேண்டும். "இதுக்கும் வெச்சிடு. ஒரு கண்ணுக்கு மட்டும் மை வெச்ச மாதிரி இருக்கக் கூடாது" என்றார்.

பாலமுருகன் இரண்டே முக்காலுக்கு வந்தான். முகம் முழுக்கப் புழுதி. மூன்று பேரும் சேர்ந்து சோறு தின்றார்கள். பேடுகளை மாட்டி, சக்கரங்களைப் போட்டு நட்டு முறுக்கி முடித்தபோது மணி ஐந்து. முன் பக்கம் இன்னும் கட்டை மேலேதான் இருந்தது. இந்த முறை தரையில் இறக்குவதற்கு முன்பே சோதித்துவிடுவது என்று பஞ்சாட்சரம் முடிவு செய்திருந்தார். ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும், இன்னொருவர் பெடலை மிதிக்க வேண்டும்.

பாலமுருகன் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான்.

"டேய்" என்றாள் ஈஸ்வரி. "காலை எட்றா. இன்னொரு வாட்டி உன் காலு அந்த பெடல் மேல பட்டுச்சி, சீர கொண்டுகினு நீ நடந்துதான் போவ."

பாலமுருகன் காலை எடுத்துவிட்டான். பஞ்சாட்சரம் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியபடி காத்திருந்தார். ஆள் இல்லை. மிதிக்கிறதற்கு ஆள் வேண்டும். ஈஸ்வரி வண்டியைப் பார்த்தாள், கட்டைகளைப் பார்த்தாள்.

"இது நவுராது இல்ல?"

"சக்கரம் தரையிலயே இல்ல. எப்பிடி நவுரும்?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இருபத்தோரு வருஷத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கைத் தொடாமல் கையை மார்போடு கட்டிக்கொண்டாள்.

"நடுவுல இருக்குதே, அத்த மிதி."

மிதித்தாள். பெடல் ஒரு தடையும் இல்லாமல் தரை வரைக்கும் போனது. "யம்மா! உள்ள போயிடுச்சிய்யா!" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"போவும். மொத தபா போவும். உள்ள தள்ளி வெச்ச பிஸ்டன் வெளிய வரணும். பொறுமையா மிதி. வுடு. மிதி. வுடு."

மிதித்தாள். விட்டாள். மூன்றாவது மிதியில் பாதியில் ஏதோ தடுத்தது. நாலாவதில் அதற்கும் மேலே. ஆறாவது மிதியில் பெடல் அசையவில்லை. அவள் கட்டியிருந்த கையைப் பிரித்து சீட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.

"கல்லு மாதிரி கீதுய்யா."

"வுடு இப்ப. நான் சுத்தறேன். நான் சொல்ல வாணாம், உனக்கு எப்ப தோணுதோ அப்ப மிதி."

அவர் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றினார். சக்கரம் புதுத் தட்டின் மெல்லிய உரசலோடு சுற்றியது. ஈஸ்வரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவர் வேகத்தைக் கூட்டினார். அவள் மிதித்தாள். சக்கரம் அவர் கைக்குள்ளேயே, நட்ட கல்லாக நின்றது. அவர் குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். ஒரு மயிரிழை நகரவில்லை. காலை எடுக்காமலேயே ஈஸ்வரி கேட்டாள்:

"நல்லாதான் தள்றியா, இல்ல என்ன ஏமாத்த நடிக்கறியா?"

"நீயே கேளு இவன்கிட்ட."

"டேய், நீ தள்ளு."

பாலமுருகனும் வந்து சேர்ந்துகொண்டான். ஒரு சக்கரத்தை இரண்டு ஆம்பளைகள் வியர்க்க வியர்க்கத் தள்ளினார்கள். மேலே உட்கார்ந்திருந்தவள் ஒற்றைக் காலால் அவர்களை நிறுத்தி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வண்டிக்குள்ளிருந்து வந்த சிரிப்பு. பஞ்சாட்சரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் நின்றுவிடுமோ என்று இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

பிறகு மறுபக்கச் சக்கரத்தையும் அப்படியே பார்த்து, இறக்கி, சமதரையில் பழக்கினார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. ஈஸ்வரி அதைப் பார்க்க வெளியே வரவில்லை. சமையல் வேலையாக இருந்தாள்.

"நாளைக்கு வண்டில வர்றியா?" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் "மாட்டேன்" என்று ஒரு பதில் வரலாம். கேட்காவிட்டால் எந்தப் பதிலும் வராது. பதில் இல்லாமல் இருப்பது கொஞ்சம் பரவாயில்லை என்று படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பலாப்பழங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஈஸ்வரி புதுச்சேலை கட்டி, பையை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். அவர் பார்த்தார். பழத்தை அடுக்கினார். தார்ப்பாயைக் கட்டினார். தேவைக்கு மேல் இரண்டு முடிச்சு போட்டார். பாலமுருகன் பைக்கில் வந்து, "மாமா, நீ போற ஸ்பீடுக்குப் பொண்ணுக்கு வளகாப்பே முடிஞ்சிரும், கெளம்பு" என்றான். அவர் வண்டியை எடுத்தார்.

பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போது பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் நிறுத்தினார். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. ஏறிவிட்டாள் என்று நினைத்துக் கியரைப் போட்டார். புழுதி அடங்கியது. ரோட்டோரத்தில் பையோடு ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். வந்து கதவைத் திறந்தாள்.

"இன்னா பாக்கற? பஸ்ல உக்கார எடமில்ல."

பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக அவர் பார்த்தவரைக்கும் பாதி சீட்டு காலி. "ஆமா, கூட்டந்தான்" என்றார் பஞ்சாட்சரம்.

இறக்கம் ஆரம்பித்தது. இரண்டாம் கியர். ஈஸ்வரி பேசவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள். இரண்டு காலும் தரைத் தகட்டில் ஊன்றியிருந்தன. வளைவு வரும்போதெல்லாம் அவர் மிதிப்பதற்கு முன்பே அவள் அங்கே மிதித்தாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினார். ஒரு வளைவு, இரண்டு வளைவு, நாலு வளைவு.

ஐந்தாவது திருப்பத்தில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை நிறைத்துக்கொண்டு எதிரே வந்தது. மிதித்தார். பெடல் நடுங்கவில்லை. வண்டி இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல், சுமையோடு நின்ற இடத்தில் நின்றது. பின்னால் பலாப்பழங்கள் ஒன்றையொன்று மெதுவாக இடித்துக்கொண்டு அடங்கின. ஆடுகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின.

கடைசி ஆடு போகிறவரை ஈஸ்வரி கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைப் பிடித்திருந்த கையை விட்டாள். "அந்த தொட்டிக்கிட்ட வூடு கட்டினானே, அவன் மருமவ மறுபடி வந்துட்டாளாம், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு செருப்பைக் கழற்றினாள், இன்னொன்றையும் கழற்றினாள், இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.